கேபிள் சரி

ரேகன்ஸ்பூர்க்கில் பிப்ரவரி இரவு, மணி மூன்று பத்து.
தரைக்கடியில், பம்பு இரைச்சலுக்குப் பக்கத்தில்
ரோஸ்விதா தன் வளையத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
பார்ப்பது என்றால், திரையில் ஊரும் ஒரு கோடு.
வளையம் கண்ணுக்கு அகப்படும் சாமான் அல்ல:
ஒரு தலைமயிரை நறுக்கி நிறுத்தினால்
அதன் வெட்டுமுகத்தில் சில ஆயிரம் பரப்பி வைக்கலாம்.

எலக்ட்ரான் உள்ளே வருகிறது.
இடமா வலமா என்று எவரும் கேட்பதில்லை.
இரண்டு பக்கமும் போகிறது.
போகையில் அதன் தற்சுழல்
வளைவுக்கு வளைவு சாய்ந்துகொடுக்கிறது,
பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி
தூங்கும் பயணியைப் போல.
எதிர்முனையில் தன்னையே அது சந்திக்கும்போது
எத்தனை நேரம் எடுத்தாய் என்ற கேள்வி இல்லை.
எதைச் சூழ்ந்துகொண்டு வந்தாய்,
அது மட்டும் கணக்கில் ஏறும்.

செண்டாயில் மூன்று வருடம்.
லுண்டில் இரண்டு.
பிறகு ஒரு பாலைவனப் பல்கலைக்கழகம், குளிரூட்டிய பதினெட்டு மாதம்.
எல்லாம் ஒப்பந்த வேலை, எல்லாம் முடிந்து
இங்கேயே திரும்பினாள்.
"பழைய அறை, பழைய நாற்காலி,
நீங்கள் போகவே இல்லாத மாதிரி" என்றாள்
பணியாளர் பிரிவு ட்சிர்ன்கீபில் அம்மாள்,
சாவியை நீட்டி.
நாற்காலியின் உயரம்கூட அவள் வைத்துவிட்டுப் போனதுதான்.
உட்கார்ந்தாள். கால் தரையைத் தொட்டது.
வேறு யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

ஞாயிறு மாலை கல் பாலத்தில் அலோய்ஸ் எதிரே வந்தான்.
தன் மகளின் பனிச்சறுக்குப் பலகையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான்.
"நீ மாறவே இல்லை" என்றான்.
அவன் சிரித்த இடங்களில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.
அவன் தயங்கிய இடத்தில், பாவம், வந்துவிட்டது.
கீழே டான்யூப்
கண்ணறை கண்ணறையாகப் பிரிந்து போய்
அந்தப்பக்கம் சேர்ந்துகொண்டது.
சேர்ந்த இடத்தில் சுழி.

மூன்று இருபத்தாறு.
மேடு இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம்.
பள்ளம் இருந்த இடத்தில் மேடு.

"கேபிளை மாற்றிச் செருகியிருக்கும்" என்றான் கொர்பீனியான்,
ஆராய்ச்சி மாணவன், வாய் நிறைய ப்ரெட்ஸல்.
உப்புக்கல் விசைப்பலகையில் உதிர்ந்தது.
ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள்.
ஊதினார்கள். பற்றவைப்பைச் சுண்டிப் பார்த்தார்கள்.
சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில்.
மறுபடி ஓட்டினார்கள்.
அதே இடத்தில் அதே பள்ளம்.

அவளுக்குத் தெரியும். பத்து வருடமாக வகுப்பில் சொல்வதுதான்:
ஒரு முழுச் சுற்று திரும்பிய தற்சுழல்
திசையில் பழசாகவே நிற்கும்,
முன்னால் ஒரு கழித்தல் குறியோடு.
தனியாக இருந்தால் யாருக்கும் தெரியாது.
இன்னொன்றோடு சேரும்போதுதான்
அழியும்.

"அப்போ இரண்டாவது சுற்று?"
"குறி பழையபடி வரும்."
"ஓட்டலாமா?"
ஹீலியம் அளவுகோலைப் பார்த்தாள். நாலு சென்டிமீட்டர்.
ஓட்டம் முடிய ஆறு மணி ஆகும்.
"ஓட்டு" என்றாள்.

நாலே முக்காலுக்குக் கோடு நடுங்கியது.
வெப்பநிலை ஏறி, கோடு புல்லாகி,
புல் திரை முழுக்க முளைத்தது.
பம்பை நிறுத்தியதும்
அதுவரை சத்தம் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

குறிப்பேட்டில் அவள் கையெழுத்து:
கேபிள் சரி.
குறி மாறியது உண்மை.
இரண்டாம் சுற்று பாதியில் நின்றது, ஹீலியம் இல்லை.

அடுத்த வரி எழுதி அடித்திருக்கிறாள்.
கொர்பீனியான் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.
ஒரு பெயரா, தொலைபேசி எண்ணா, தெரியவில்லை.
தாளில் உப்பு ஒட்டியிருந்தது,
அவனுடையதுதான்.