கூட யாரு

தில்லைக்கரசி, நீ கேட்டது வழி மட்டும்.
அது சுலபம்:
கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி.
அப்புறம் மலையே பஸ்ஸை இறக்கிக்கொண்டுபோய்
ஒகேனக்கல்லில் விட்டுவிடும்.

பத்து ரூபாய்த் தாளாக நாற்பது வைத்துக்கொள்.
ஐந்நூறை நீட்டினால்
டிக்கெட்டின் முதுகில் மீதியை எழுதிக் கொடுத்துவிட்டு
கண்டக்டர் மறந்துபோவார்.
நீயும் மறந்துபோவாய்,
ராயக்கோட்டைப் பாறை ஜன்னலுக்குள் வரும்போது.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று
டீக்கடையில் கேட்காதே,
இன்னொரு டீ வரைக்கும் நிற்க வைப்பார்கள்.
டைம் கீப்பரிடம் கேள்.
அவர் சொன்னதிலும் கால் மணி கழித்துக்கொள்.
மீட்டர் பார்க்கிற நமக்குத் தெரியாதா,
எழுதியது ஒன்று, ஓடியது ஒன்று.

தேன்கனிக்கோட்டையில் தமிழில் கேட்டேன்,
தெலுங்கில் பதில் வந்தது.
அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு நிற்கையில்
கன்னடத்தில் ஒருத்தி என் கையைப் பிடித்து
பஸ்ஸில் ஏற்றினாள்.
சரியான பஸ்தான்.

அது மறுநாள். முதல் நாள் ராத்திரியைச் சொல்லவில்லையே.
லாட்ஜில் என் ஆதாரை முன்னும் பின்னும் திருப்பி
வெங்கட்டப்பா கேட்டார்,
கூட யாரு?
யாருமில்லை.
அப்ப ரூம் இல்லை.
அவர் தலைக்குப் பின்னால் ஆணிகளில் பதினோரு சாவி.
எண்ணிவிட்டுத்தான் வந்தேன், கை பழக்கம்.

வெளிச்சம் இருக்கும்போதே தேடு.
முதல் லாட்ஜிலேயே அழுதுவிடாதே.
மூன்றாவதில் கல்லாவில் ஒரு பெண்.
அவளும் கேட்டாள், கூட யாரு?
பதிலுக்குக் காத்திருக்காமல்
பன்னெண்டு வேணாங்க்கா, தாழ்ப்பாள் சரியில்ல,
ஒம்பதை எடுத்துக்கங்க என்றாள்.

பக்கெட்டில் பாதி தண்ணீர் பிடித்துக்
கதவுக்குப் பின்னால் வை.
யார் தள்ளினாலும் அது முதலில் கத்தும்.
யாரும் தள்ளவில்லை.
விடியற்காலையில் நானே தடுக்கி
முழங்கால் வரை நனைந்தேன்.

பஸ்ஸிலும் கேட்பார்கள்.
அண்ணன் முன்னாடி போயிருக்கிறான் என்றேன்.
அஞ்செட்டிக்குள் அவனுக்கு வேலை கிடைத்து,
கல்யாணமாகி, இரண்டாவது பிள்ளைக்கு மொட்டையும் போட்டாகிவிட்டது.
நாட்றாம்பாளையத்தில், மடியில் கோழியோடு இருந்த அம்மா,
எந்த ஊர்ல பொண்ணெடுத்தீங்க என்றாள்.
வாயில் வந்ததைச் சொன்னேன், ஒகேனக்கல்.
அவளுக்கு அங்கே எல்லாரையும் தெரியுமாம்.
ஆகவே, பொய் வேண்டாம்.
அதற்குப் பை தூக்குவது லேசு.

காட்டுக்குள் போனில் ஒரு கோடும் இருக்காது.
ஓரிடத்தில் டிரைவர் மாதையன் என்ஜினை அணைத்தார்.
மூங்கில் முறிகிற சத்தம்.
கோழி கூட மூச்சுவிடவில்லை.
இருபது நிமிஷம்
யார் யாரோடு வந்தோம் என்று
கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒகேனக்கல்லில் மீனை
வறுப்பதற்கு முன்னால் நிறுக்கச் சொல்.
பரிசலுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு இறங்கு.
செருப்பு உள்ளே கூடாது.

பரிசல்காரர் பச்சியப்பன்
துடுப்பை ஊன்றிக்கொண்டு கேட்டார்,
கூட யாரு?
எனக்குக் காது வரைக்கும் சூடேறியது.
யாருமில்லை என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.
ஒத்த ஆளா,
அப்ப நடுவுல குந்துங்க,
ஓரமா குந்தினா சாஞ்சுரும்.

அவர் கேட்டது எடையை.
நடுவில் உட்கார்ந்தேன்.
பாறைகளுக்கு இடையில்
அந்த வட்டக் கூடை மெல்லச் சுழன்றது.
எந்தப் பக்கம் கர்நாடகம் என்றுகூடக் கேட்கவில்லை.

பென்னாகரம் பஸ் கால் மணி முன்னாலேயே போய்விட்டது.
அடுத்ததில் நின்றுகொண்டே வந்தேன்.

இதோடு ஒரு டிக்கெட் வைத்திருக்கிறேன்.
முதுகில் நூற்றெழுபத்திரண்டு என்று இருக்கும்,
ஏழு கொஞ்சம் ஒன்று மாதிரி.
ராயக்கோட்டை வண்டி, காதில் பேனா செருகியிருப்பார்.
நீ போகும்போது
கேட்டு வாங்கிக்கொள்.