ஒரே நீளம்

முனைக்காட்டுக் கரையில் இரண்டு கொடுவா.
இரண்டும் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்.
கூண்டு மீன் இரண்டு கிலோ நூறு.
கடல் மீன் ஒன்றரை,
தராசைத் தட்டிப் பார்த்தாலும் ஒன்றரைதான்.
நோட்டில் எழுதிக்கொண்டேன்.

லூர்துராயன் வயிற்றைக் கீறினான்.
கூண்டில் வளர்ந்ததற்குள்
மெழுகுவத்தி வடிந்து உறைந்தாற்போல் கொழுப்பு.
மற்றதில் பாதி செரித்த இறால்,
தாடையில்
யாரோ தொலைத்த தூண்டில் முள்.
அதன் வால் முழுசு.
இதன் வால் வலையில் உரசி மழுங்கியது.

ஜமீலாக்கா கொழுத்ததைத்தான் கேட்டாள்,
குழம்பில் எண்ணெய் மிதக்குமாம்.

கார்த்திகை வாடையில் கூண்டு கிழிந்து
நானூறு போயின.
மறுநாள்
தீனிப் படகின் எஞ்சின் கேட்டதும்
கிழிசலுக்கு வெளியே
பதினொன்று வந்து நின்றன.

அந்தப் பதினொன்றையும்
எந்தப் பத்தியில் எழுதுவது?