சேற்றில் ஒரு பல்பு

முதல் நாள் எதையும் தொடவில்லை.
வரப்பு வழுக்கியது; செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
மூன்று முறை சுற்றிவந்தேன்.
கோரையாற்றுக்குத் தெற்கே, கதிர் சாய்ந்த சம்பாவில்
வால் மட்டும் நிமிர்ந்து நின்றது.
பயிற்சி விமானம். இரண்டு இருக்கை.
ஒன்று அன்றைக்குக் காலி. மற்றதில்
இருபத்திரண்டு வயதுப் பையன் இருந்திருக்கிறான்.

டீக்கடையில் தீர்ப்பு முடிந்திருந்தது:
வானத்திலேயே நெருப்பு. பார்த்தவர்கள் பதினோரு பேர்.
பதினொன்றையும் எழுதிக்கொண்டேன்.
ஒரு தாள்கூடக் கருகவில்லை என்பதை
யாரிடமும் சொல்லவில்லை.

முன்விசிறியின் ஓர் இதழ் வளையாமல் இருந்தது.
மனம் உடனே கதை கட்டக் கிளம்பியது.
பிடித்து வரப்பில் உட்காரவைத்தேன்.

பக்கத்து அறுவடை வயலில், ஆரணியிலிருந்து
வாத்து ஓட்டி வந்த ஏழுமலை.
அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
"பாக்கலமா. குனிஞ்சினு இருந்தேன்."
அடுத்த கேள்வியை விழுங்கினேன்.
ஒரு பீடி எரிந்து முடியும் நேரம்.
"வாத்துங்க எல்லாம் ஒண்ணா தலய தூக்குச்சிங்க.
அப்பதான் தெரிஞ்சுது. ரெண்டு தபா இருமி
நின்னுபோச்சு சத்தம்."

மூன்றாம் நாள், கலியபெருமாள் வீட்டுச் சல்லடையை
இரவல் வாங்கிச் சேற்றை அரித்தேன்.
மாலை நாலரைக்கு ஒரு பல்பு, உளுந்தளவு.
அணைந்திருந்த இழை என்றால் அதிர்ச்சியில் ஒடியும்.
எரிந்துகொண்டிருந்தால் நீளும்.
இது நீண்டிருந்தது.
எரிபொருள் தீர்கிறது என்று சொல்லும் விளக்கு.
அவன் பார்த்தானா? இழை அதைச் சொல்லாது.
நானும் சொல்ல மாட்டேன்.

அப்பா வந்திருந்தார், அரியலூரிலிருந்து, பஸ்ஸில்.
"எம்புள்ள தப்பா?"
எண்ணெயை அளந்த குச்சி, அளந்தவர் கையெழுத்து,
அந்தக் குச்சியில் கோடு கீறியவர்,
அதுவரைக்கும் போகணும் ஐயா என்றேன்.
அது பதில் இல்லை என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.

பதினோரு மாதம் கழித்து, அறிக்கையில்
'பெரும்பாலும்' என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னார்கள்.
எடுக்கவில்லை. அதற்காக இரண்டு முறை டெல்லி போனேன்.

கலியபெருமாள் மட்டும் கணக்கில் கறார்:
"பிளேன் அழிச்சது முப்பது குழி.
வேடிக்கை பாக்க வந்தவங்க மிதிச்சது ஒண்ணரை மா.
அதையும் எழுதுங்க."
எழுதினேன்.
அவர் எட்டிப் பார்த்துச் சரிபார்த்தார்:
"ஒண்ணே கால்னு போடுங்க.
கால் மா ஏற்கெனவே எலி."