இருபத்தேழு

நெல் லாரி எடைமேடை ஏறி நின்றபோது மணி ஒன்றரை.
இருபத்தோராயிரத்து நானூற்றுப் பத்து.
சிவப்பு எண் ஆடாமல் நிற்கிறது.
சீட்டு வரவில்லை.
வந்தது வேறு.

சதவீதக் குறி, ஆச்சரியக் குறி, பிஎஸ் என்று தொடங்கி
இங்கே நகர், கோடு இழு, எழுத்துருவை எடு என்று
இங்கிலீஷில் கறகறவென்று அடித்துத் தள்ளுகிறது.
தாள் மேசையைத் தாண்டி
தவிட்டு மூட்டை மேல் மடிந்து மடிந்து விழுகிறது.

படம் வரையச் சொல்லிக் கடிதம் போட்டால்
கடிதத்தையே பார்த்து வரைந்து அனுப்புவானே ஒருவன்,
அப்படி.

போன மாதம் வைரஸ் வந்து கணக்கெல்லாம் போனதும்
முதலாளி லினக்ஸுக்கு மாறச் சொன்னார்.
காசு கேட்காது என்பதால்தான், கொள்கை ஒன்றும் இல்லை.
மாற்றிக் கொடுத்த கல்லுக்கட்டி சிக்கந்தர்
தூக்கக் குரலில் போனை எடுத்தான்:
"அக்கா, டிரைவர் சரியில்ல."
ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.
சின்னப்பராஜ் லாரியிலிருந்து தலையை நீட்டினார்:
"நான் என்னங்க பண்ணேன்?"

பின்னால் இன்னும் மூன்று வண்டி.

அவன் சொல்லச் சொல்ல எனக்குப் பிடிபட்டது இவ்வளவு:
நான் தட்டும் 'புதுவயல்' பிரிண்டர்வரை போவதே இல்லை.
நடுவழியில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்று ஒன்று
எழுத்தைப் புள்ளியாக அரைத்துவிடுகிறது.
அரைத்ததை ஊசிக்குத் தெரிந்த பேச்சில்
கட்டித் தருவது டிரைவர்.
அந்தப் பேச்சில் இருபத்தேழு என்று ஓர் எண்.
நட்சத்திரக் கணக்கு இல்லை.
அது முன்னால் வந்தால் அடுத்தது கட்டளை.
வராவிட்டால் எல்லாமே எழுத்துதான்,
கட்டளை உட்பட.

ஒன்பது ஊசிக்குக் கொம்பும் தெரியாது, காலும் தெரியாது.
குத்து. குத்தாதே.
எங்கள் பக்கம் புள்ளி என்றால் கோயிலுக்கு வரி கட்டும் தலைக்கட்டு,
முதலாளி வீட்டில் நாலு புள்ளி.
இங்கே 'பு' ஒன்றுக்கே நாற்பது கேட்கிறது.

பட்டியலில் ஒன்பது ஊசியைத் தேடித் தேர்ந்தேன்.
கோப்பைத் திறந்தும் பார்த்தேன், யாரும் தடுக்கவில்லை.
தலையில் ஒரு பெயர், வாயில் நுழையாத பெயர்.
ஒரு வருஷம். அப்போது நான் ஆறாம் வகுப்பு.
கடைக்காரனே கைவிட்ட மெஷினுக்கு
இதை ஏன் உட்கார்ந்து எழுதினான்?
எல்லாம் எழுதியிருக்கிறான், அதை எழுதவில்லை.

இரண்டே கால்.
ஊசித்தலை போனது, வந்தது, அதே வரியில் மறுபடி போனது.
புதுவயல். வண்டி எண். நெல். மொத்த எடை.
கொம்பு 'ந'வுக்கு முன்னால், அதன் இடத்தில்.
கையெழுத்துக் கோடு மட்டும்
துளைக்கோட்டைத் தாண்டி
அடுத்த சீட்டின் நெற்றியில்.
தாள் நீளத்தை இன்னும் அதற்குச் சொல்லவில்லை.

சின்னப்பராஜ் இரண்டு சீட்டையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டார்.
மூட்டை மேல் கிடந்ததையும் சுருட்டினார்,
"கண்ணாடி தொடைக்க ஆகும்."

இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்புவார்.
அதற்குள்
நாலு இன்ச் என்று எங்கே எழுதுவது, பார்க்க வேண்டும்.