சட்ட எண் 2286

அன்புள்ள பெடோ,
லட்லோவிலிருந்து நீங்கள் அனுப்பிய
பென்சில் தேய்த்த தாள் கிடைத்தது, ஆறு படங்களும்.
உறை மழையில் ஊறியிருந்தது.
ஏழாவது என்று ஒன்று இருந்ததா?

ஏலக்காரர் சொன்னதில் பிழையில்லை.
எஞ்சினில் ஓர் எண், சட்டத்தில் வேறு எண்.
முன் ஃபோர்க் ஓராண்டு மூத்தது,
டேங்க் அதைவிட மூத்தது.
லோச் தொழிற்சாலையின் அனுப்புகைப் பேரேடு
2279-இல் முடிகிறது. பிறகு வெறும் கோடுகள்.
போலி என்று அவர் பேனாவை மூடிக்கொண்டதில்
எனக்கு வியப்பில்லை.
கொஞ்சம் பொறுங்கள்.

ஆம்ப்ரோஸ் லோச் குடைக்கம்பி செய்தவர்.
கவெண்ட்ரியில், கால்வாய் ஓரம், செங்கல் கொட்டகை.
குடைக்கம்பி நீண்டு சைக்கிள் ஆரக்கால் ஆயிற்று;
தொள்ளாயிரத்து ஒன்பதில்
அந்தச் சைக்கிளின் வயிற்றில் நெருப்பை வைத்தார்.
லோச் என்றால் அயிரை,
சேற்றடியில் மீசையோடு கிடக்கும் சிறுமீன்.
டேங்கின் இருபுறமும் பொன்வண்ணத்தில்
அதை நீந்தவிட்டார்.
சிங்கமும் கழுகும் பொறித்து விற்றவர்கள் சிரித்தார்கள்.
'எங்கள் சாலைகளைப் பார்த்த பிறகு
சேற்றுமீன்தான் தோன்றியது'
என்கிறது அவருடைய விளம்பரத் தாள்.
வீட்டில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை
என்கிறது மகளின் கடிதம்.

போர் வந்தது.
நான்கு ஆண்டுகள் ஸ்டிரெச்சர் மட்டும்.
அதே குழாய், அதே பித்தளைப் பற்று.
படுத்துப் போனவர்களைச் சுமந்த குழாயில்
பதினெட்டுக்குப் பிறகு
ஆட்கள் உட்கார்ந்து போனார்கள்.

இருபத்து நான்கில் மேன் தீவுப் பந்தயம்.
மூன்றாம் சுற்றில் சங்கிலி அறுந்து
ஜெத்ரோ டன்னிக்ளிஃப்
இரண்டு மைல் தள்ளிக்கொண்டே வந்தார்.
எங்கள் சுவரில் தொங்குவது அந்தப் படம்தான்.
வென்ற படம் எதுவும் இல்லை.

முப்பத்தொன்று.
வங்கி பூட்டு கொண்டுவரும் வாரம்.
பதினொரு வாரக் கூலி பாக்கி.
பழைய காகிதக் கடையில் வாங்கிய கூலிப் புத்தகம்
இப்போது என் மேசைமேல் விரிந்து கிடக்கிறது.
இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் பவுன், ஷில்லிங்.
கடைசித் தாளில் மட்டும்
பவுன் இருக்க வேண்டிய இடத்தில்
2280. 2281. அப்படியே கீழே.
ஏழு பேர், ஏழு எண்.
அலமாரியில் மிஞ்சியது, திரும்பி வந்தது,
வேறெதற்கோ ஒதுக்கி வைத்தது,
எல்லாவற்றையும் திரட்டிப் பூட்டியிருக்கிறார்கள்.
ஆரக்கால் கோக்கும் மேபல் ஸ்ப்ராக் பெயருக்கு நேரே
உங்கள் வண்டி.
அடியில் ஆம்ப்ரோஸின் கையெழுத்து;
பேனா ஓரிடத்தில் நின்றுவிட்டதால்
மை அடுத்த பக்கத்துக்கும் போயிருக்கிறது.

இனி பூதக்கண்ணாடியை எடுங்கள்.
உங்கள் தாளில் அந்த எட்டைப் பாருங்கள்.
இடுப்பு ஒட்டவில்லை.
மேல்வட்டமும் கீழ்வட்டமும் ஒரே அளவு,
ஒன்று சற்றே சாய்ந்து.
எண் உளிப் பெட்டியில் எட்டு தொலைந்திருக்கிறது.
சிறிய உளி ஒன்றால் சுழியம் அடித்து
அதன் தலையில் இன்னொரு சுழியம்.
போலி செய்கிறவன்
நல்ல எட்டு ஒன்று வாங்கியிருப்பான்.

பதிவேட்டில் ஏற்றிவிட்டேன்.
ஃபோர்க்கை மாற்றாதீர்கள்.
வண்ணமும் வேண்டாம்;
அயிரையின் வால் தேய்ந்தது யாருடைய முழங்காலிலோ.
மேபல் அதை மறுநாளே
அடகுக்கடைக்கு உருட்டிப் போனார் என்றே
முதலில் நினைத்தேன். பதினொரு வாரம் இல்லையா,
வாடகை, நிலக்கரி.
பிறகு நான்காம் படத்தில் பின்சக்கரத்தை எண்ணினேன்.
லோச் வண்டியில் ஓர் ஆரக்கால்
மூன்று ஆரக்கால்களைக் குறுக்கே கடக்கும்.
இதில் நான்கு.
மெதுவான வேலை, வலுவான சக்கரம்.
விற்கப்போகிற வண்டிக்கு யாரும் அப்படிக் கட்டுவதில்லை.

சான்றிதழுக்குக் கட்டணம் பதினைந்து பவுன்.
காசோலை போதும், அவசரமில்லை.
ஏழாவது படம் இருந்தால் அனுப்புங்கள்.

ஹெஃப்சிபா வாட்லிங்,
பதிவாளர்