இரண்டும் இடது

காட்பாடி ரோட்டுத் தியேட்டரில் மதியக் காட்சி.
மே மாதம். வெளியே தார் இளகிக்கொண்டிருந்தது.
பாதிப் பேர் படத்துக்கு வரவில்லை,
ஏசிக்கு வந்திருந்தார்கள்.
நான் என் பெயருக்காக வந்திருந்தேன்.
கடைசியில் ஓடும் எழுத்துகளில்
நாற்பத்தோராவது வரி,
உதவி இயக்கம், மூன்றாவது பெயர்.

பக்கத்து இருக்கையில் ஒரு வங்காளி.
மடியில் ஸ்கேன் உறை.
மனைவியை உள்ளே சேர்த்தாயிற்று,
பார்க்க விடுவது ஐந்து மணிக்குத்தான்.
வேலூரில் பதினேழு நாள்,
அதற்குள் பதினோரு தமிழ்ச் சொற்கள்:
வலி, ரசீது, வரிசை, வெறும் வயிறு,
நாளைக்கு,
நாளைக்கு இல்லை என்பதும்.

அந்தக் காட்சிக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.
அவர் அழத் தொடங்கிவிட்டார்.

திரையில் பாலாறு.
மணல் அள்ளிய பள்ளத்தில் தேங்கிய நீரில்
மகனைக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறாள் ஒருத்தி.
தெருவைப் பார்த்துக் கிடக்கும் அவன் செருப்புகளை
ஒவ்வொன்றாய்த் தூக்கி
வீட்டைப் பார்க்கத் திருப்பி வைக்கிறாள்.
இப்போதுதான் வந்து நுழைந்தவனுடையதைப் போல.
நாற்பது நொடி. இசை கிடையாது.
பின்வரிசையில் யாருடைய போனோ அடித்து அடங்கியது.

"எங்கம்மா செஞ்சது" என்று
பேட்டிகளில் சொல்லியிருந்தார் தணிகாசலம் சார்.
அவர் அம்மா குடியாத்தத்தில் திடமாக இருக்கிறார்.
அவருக்கு ஒரே மகன்.

பென் டிரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.
கறுப்பு வெள்ளைப் படம், வங்காளம்,
கீழே எழுத்து ஓடாத பிரதி.
நாலு முறை பார்த்தோம்.
"பாஷை இன்னாத்துக்குடா? கை பேசுது பாரு" என்றவர்
ஐந்தாம் முறை ஓடவிட்டு
சட்டை நனைய அழுதார்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இடைவேளையில் டீ வாங்கிக் கொடுத்தேன்.
என் உடைந்த இந்தியில் கேட்டேன், தெரியுமா என்று.
தெரியும்.
பர்தமானில், அப்பாவின் தோளில் உட்கார்ந்து,
திடலில் கட்டிய வேட்டித் திரையில்.
திருட்டு என்பார் என்று காத்திருந்தேன்.
பதினொன்றில் அந்தச் சொல் இல்லை.
கோபமும் இல்லை;
ஊர்க்காரனைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்ட முகம்.

பிறகு இரண்டு விரலை நீட்டினார்.
"அங்கே ஜோடி. இங்கே
ரெண்டும் இடது."

இடது என்பது
மனைவியின் சிறுநீரகத்தால் வந்த சொல்.

"யார் யோசிச்சது?" என்று கேட்டார், இந்தியில்.

யாரும் யோசிக்கவில்லை.
ஆம்பூர்க் கம்பெனி ஒன்றில் ஏற்றுமதி தள்ளிய சரக்கு,
எடை போட்டு விற்பது.
ஆர்ட் டிபார்ட்மென்ட் அஸ்லம்
இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க மூட்டையாய்க் கொண்டுவந்தான்.
வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.
பார்த்தோம். அவனும் நானும் பார்த்தோம்.
"எவன் கண்டுக்கப் போறான், வெச்சுட்டு வா."
சாருக்கு இன்றுவரை தெரியாது.
தணிக்கை, விழாக்குழு, விமர்சனம் எழுதியவர்கள்
யாருக்கும் தெரியாது.

அவர் தெரிந்தவரைப் போல் சொன்னார்,
வாயால் கொஞ்சம், கையால் மீதி:
ஒரு செருப்பு பையனோடு தண்ணீரில் போய்விட்டது.
அம்மா கட்டிலுக்கடியில் துழாவி
பழைய ஒற்றையொன்றை எடுத்துவந்து
ஜோடி சேர்த்திருக்கிறாள்.
அவசரத்தில், கண்ணீரில்
எந்தக் கால் என்று பார்க்கவில்லை.

அது பர்தமான் படத்தில் இல்லை.
எங்கள் படத்திலும் இல்லை.

நாலரைக்கு எழுந்தார்.
உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு
எல்லோர் முழங்காலுக்கும் மன்னிப்புக் கேட்டபடி போனார்.
நாற்பத்தோராவது வரி ஓடியபோது
அந்த இருக்கை மடிந்திருந்தது.

கட்டிலுக்கடியில், ஒற்றை, அவசரம்:
டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.
என் முதல் படத்துக்கு ஆகும்.
அவர் பெயரை நான் கேட்டிருக்கவில்லை.