மீதி ஐந்து பைசா

இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் வந்திருக்கிறது,
பதினேழு வருஷத்துப் பாட்டுக்கு
பம்பாய்க் கம்பெனி அனுப்பிய முதல் பணம்.
கூடவே ஒரு படிவம்:
வெளியிட்ட அனைத்தையும் வரிசையாக எழுதவும்.

முதலில் ஒரு கேசட். பெயர் கிடையாது.
உறையில் ஜைனுல் வரைந்த நண்டு மட்டும்.
நெல்லித்தோப்பில் மாதா பாடல் பதிகிற கூடத்தில்
ராத்திரிக்கு வாடகை பாதி.
ஒன்பது பேர், மூன்று மைக்.
ட்ரம்பெட் செபஸ்தியான் அன்று சாயங்காலம்
உப்பளம் கல்லறை வரை ஒரு பிணத்துக்கு வாசித்துவிட்டு
அதே வெள்ளைச் சீருடையில் வந்திருந்தான்.
உதடு வீங்கியிருந்தது.
இரண்டாம் பாட்டில் அவனுக்குப் பிசகிய ஒரு சுரத்தை
அப்புறம் எல்லா மேடையிலும்
பிசகாமல் பிசகினோம்.

அடுத்தது குறுந்தகடு, நான்கு பாட்டு:
‘ஹெல்மெட் கட்டாயம்’.
குவாட்டரைவிட மலிவு என்று கூவிக் கூவி
கடற்கரைச் சாலையில் முப்பத்தொன்று விற்றோம்.
மிச்சத்தைத் தேன்கனியின் அண்ணன்
தெரிந்த ஆட்டோக்களின் முதுகில் ஒட்டிவிட்டான்.
வில்லியனூர் சாலை இருட்டில்
இன்னமும் எங்கள் பாட்டு மினுங்கும்,
பின்னால் வருகிறவன் விளக்குப் போட்டால்.

வகை? என்று கேட்கிறது படிவம்.
ஸ்கா பங்க் என்று எழுதிவிட்டேன்.
தபால்காரருக்கு ஒருமுறை அதை விளக்கியிருக்கிறேன்:
தாளம் விழுகிற இடத்தில் நான் சும்மா இருப்பேன்.
இரண்டு அடிக்கு நடுவே
யாரும் கால் வைக்காத இடத்தில்
கிட்டாரைக் கீழிருந்து மேலே சுண்டி
உடனே உள்ளங்கையால் அதன் வாயைப் பொத்துவேன்.
சக். சக். சக்.
எனக்குச் சம்பளம் வந்ததும் அப்படித்தான்.
கல்யாணமும்.

மூன்றாவதுதான் முழு ஆல்பம்.
‘சோலைநகர் ஜாமீன்’, பன்னிரண்டு பாட்டு.
உறை அச்சாகி வந்த வாரம் தானே புயலும் வந்தது.
கூடத்துத் தகரக் கூரை போய்
கம்ப்யூட்டருக்குள் ஒரு குடம் தண்ணீர்.
ஏழு பாட்டு தேறியது.
உறையை மாற்றக் காசில்லை.
எட்டாம் பாட்டிலிருந்து ஊமை என்று
வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள்.
லாஸ்பேட்டைக்காரர் ஒருவர் மட்டும்
அந்த ஒன்பதாவது பிரமாதம், தம்பி, என்றார்.
இன்றுவரை விளங்கவில்லை.

கடலூர் சில்வர் பீச்சில் ஒரு நேரடிப் பதிவு.
கூட்டம் குதித்த குதியில்
மேடை ஒரு சாண் மணலில் இறங்கியது.
பதிவில் அது இல்லை.
ஜெனரேட்டர்தான் நன்றாக வாசித்திருக்கிறது.

பிறகு தேன்கனி பிரான்சுக்குப் போனாள்.
நான் பாடிய இரண்டு இருக்கின்றன.
அவற்றைப் படிவத்தில் எழுதப்போவதில்லை.

பிறகு செபஸ்தியான்.
மரப்பாலம் திருப்பத்தில் ஸ்கூட்டி சறுக்கி
முன்பல் நான்கும் போயின.
தலையில் ஒன்றும் போட்டிருக்கவில்லை.
நாங்கள் சிரிக்கக் கூடாது என்றிருந்தோம்,
அவனே அந்தப் பாட்டின் முதல் வரியை எடுத்தான்,
‘ஹ’ மட்டும் வந்தது.

கடைசியாக ஒன்று, வெளியாகாதது,
ஒரு நிமிஷம் பத்து நொடி.
ஜைனுல் குச்சியால் நாலு எண்ணுகிறான்.
பாஸ் வருகிறது. ட்ராம்போன் வருகிறது.
நடுவில் நான், சக், சக்.
ட்ரம்பெட் எடுக்க வேண்டிய இடத்தில்
கட்டிய பல்லுக்குப் பின்னாலிருந்து
காற்று. வெறும் காற்று.
யாரும் நிறுத்தவில்லை.
‘தோ, இன்னொருவாட்டி’ என்கிறான்.
அங்கே கேபிளை யாரோ பிடுங்கியிருக்கிறார்கள்.
நானாகவும் இருக்கலாம்.

பங்கேற்றோர்: ஒன்பது.
தலைக்கு இருபத்துமூன்று ரூபாய் ஐம்பத்தைந்து பைசா.
மீதி ஐந்து பைசா.
செபஸ்தியானைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
அவன் பழக்கடையில் ஏதோ பேரம் நடந்துகொண்டிருந்தது.

‘நீயே வெச்சுக்கடா.
ரெண்டு அடிக்கு நடுவுல எங்கயாச்சும் போடு’
என்று சொல்லிவிட்டு
சாத்துக்குடிக்கு விலை சொல்லப் போனான்.